மனப்பாடம் வராதவனுக்குத் திருமுழுக்கு இல்லையா?

கடந்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நடந்தது உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறவிருந்தவர்களின் பட்டியலிலிருந்து, அறிவுசார் குறைபாடுள்ள அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டார்கள். திருச்சபையின் நம்பிக்கைகளைத் தொகுத்துச் சொல்லும் நம்பிக்கை அறிக்கையை அவனால் ஒப்பிக்க முடியவில்லையாம். "இவனுக்கு என்ன புரியும்?" என்று பெற்ற தாயின் முன்னாலேயே கேட்டார்கள்.

யாருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை. ஆனால் புரிந்துகொள்வது வேறு, ஒப்பிப்பது வேறு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்க இயலாதவரைத் திருமுழுக்கைப் பொறுத்தவரை குழந்தையாகவே கருத வேண்டும் என்று 852ஆம் எண்ணில் கூறுகிறது. கைக்குழந்தை எதை ஒப்பிக்கிறது? பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அறிக்கையிடும் நம்பிக்கையை ஏற்றுத்தானே அதன் தலையில் தண்ணீர் ஊற்றுகிறோம்? இல்லை, இவன் விவரம் அறிந்தவன், வளர்ந்தவனாகத்தான் கொள்வோம் என்றால், அப்போதும் சட்டம் கேட்பவை அவனது விருப்பம், போதிய அறிவு, கிறிஸ்தவ வாழ்வில் பழக்கம் ஆகியவையே, மனப்பாடம் அன்று. உடலாலோ மனத்தாலோ தடைபட்டவர்களுக்கும் அவர்கள் நிலைக்கு இயன்றவரை மறைக்கல்வி கிடைக்கச் செய்வதைப் பங்குத்தந்தையின் கடமையாக 777ஆம் எண் வைத்திருக்கிறது.

என் புது நன்மைக்கு முன், அதாவது இயேசுவின் உடலாக நாம் ஏற்கும் நற்கருணை அப்பத்தை முதன்முறை பெறுவதற்கு முன், மறைக்கல்விக் கேள்வி பதில் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். அதில் பாதிக்கு எனக்குப் பொருள் விளங்கியது திருமணமான பிறகுதான். எனக்கு என்ன புரியும் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

எட்டு மாதங்களாக அவனோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பில் பழக்குவதற்காகத் திருப்பலியில் (பூசையில்) வைக்காத வெறும் அப்பத்தைக் கொடுத்தால், பிஸ்கட்டைப் போல மென்றுவிட்டு இன்னொன்று கேட்பான். அதே பிள்ளை ஞாயிறன்று கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு ஆசீர் பெற மட்டும் நற்கருணை வரிசையில் வருகிறான். ஒரு முறைகூடக் கை நீட்டியதில்லை. இருக்கைக்குத் திரும்பியதும் நற்கருணை வாங்கிய என் வாயைப் பார்த்து, "அத்தை, இயேசு சாமியா?" என்று மெதுவாகக் கேட்பான். 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் சிறுவர்களிடம் எதிர்பார்த்ததும் நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து வேறுபடுத்தி அறிவதைத்தானே? அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் தங்களைத் தாங்கி நிற்கும் குடும்பத்தின், சமூகத்தின் நம்பிக்கையிலும் நற்கருணை பெறுகிறார்கள் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007இல் எழுதியதை இவர்கள் படிக்கவே இல்லையா?

திருமுழுக்கு என்னும் அருளடையாளத்தின் மாண்பைக் காக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். காக்கத்தான் வேண்டும், அதற்காக இன்னும் ஆறு மாதம் சொல்லிக்கொடு என்றிருந்தால் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டிருப்பேன். அப்படிச் சொல்லவில்லையே, பெயரையே அல்லவா அடித்துவிட்டார்கள்! "அவன் பாவமே அறியாதவன், அவனுக்கு எதற்குத் திருமுழுக்கு?" என்று சிலர் கனிவாகச் சொல்வதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. திருமுழுக்கு பாவத்தைக் கழுவுவதற்கு மட்டுமா? கடவுளின் பிள்ளையாகத் திருச்சபைக்குள் சேர்வதற்கும் அதுதானே வாசல்?

பூசையில் சத்தம் போடுகிறான் என்ற புகாரும் என் காதுக்கு வந்தது. போடுகிறான்தான். அதற்காகவே அவன் தாய் இத்தனை காலமும் கடைசி இருக்கையில் வாசலை ஒட்டி உட்காருகிறார். அவன் குரல் சற்று உயர்ந்தாலே கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய்விடுகிறார். மழையிலும் அப்படித்தான். உள்ளே வாருங்கள் என்று எத்தனை பேர் எழுந்து போய் அழைத்தோம்? நானும் முதல் வருடம் முழுவதும் திரும்பிப் பார்த்ததோடு சரி.

திருமுழுக்குக்கான வெள்ளை ஆடையை அவன் தாய் தம் கையாலேயே தைத்து முடித்துவிட்டார். அவன் ஒவ்வொரு நாள் காலையிலும் காலண்டரில் ஒரு கோடு போடுகிறான். பட்டியலில் பெயர் இல்லை என்பதை அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நேற்றும் என்னிடம், "அத்தை, இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டான். பெயரை அடித்தவர்கள் வந்து அவனுக்குப் பதில் சொல்லட்டும்.