பார்ட்டிஷனை அழித்தால் மட்டும் போதாது
விண்டோஸுடன் சேர்த்து நிறுவிய உபுண்டு என்ற லினக்ஸை நீக்கும்போது, "லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால் பூட் மெனுவில் (கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில்) உபுண்டுவும் போய்விடும்" என்று சொல்வதுண்டு. அது யுஇஎஃப்ஐ (UEFI, பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க மென்பொருள்) கணினிகளுக்குப் பொருந்தாது. அந்தப் பெயர் மதர்போர்டின் என்விராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) பதிவாகி இருக்கிறது. உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் கோப்புகளோ இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதியில். லினக்ஸ் இருந்த இடத்தை அழித்தாலும் இரண்டும் அப்படியே கிடக்கும். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) கருவியில் தேடியும் பயனில்லை, அது விண்டோஸின் சொந்தப் பட்டியலை மட்டுமே காட்டும்.

கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து 'பிசிடிஎடிட் /எனம் ஃபர்ம்வேர்' (bcdedit /enum firmware) என்ற கட்டளையைக் கொடுங்கள். உபுண்டு என்ற விவரம் உள்ள பகுதியில், நெளிவு அடைப்புக்குள் நீளமாக ஒரு அடையாள எண் இருக்கும். அடைப்புக்குறியோடு அதை நகலெடுத்து 'பிசிடிஎடிட் /டெலீட்' (bcdedit /delete) என்ற கட்டளைக்குப் பின்னால் ஓர் இடம் விட்டு ஒட்டிக் கொடுத்தால் சரி. அப்புறம் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள உபுண்டு ஃபோல்டரையும் நீக்கிவிடுங்கள். அது இருந்தால் சில மதர்போர்டுகள் பெயரைத் திரும்பச் சேர்த்துவிடும். ஆனால் அந்தப் பார்ட்டிஷனையே ஃபார்மட் செய்துவிடாதீர்கள், விண்டோஸின் பூட் கோப்புகளும் அங்கேதான் இருக்கின்றன.