மாசமாக இருக்கும்போது நாயனம்: நிறுத்த வேண்டியது வாசிப்பை அல்ல, செட்டின் பழக்கத்தை

"மாசமா இருக்கிற புள்ள நாயனம் ஊதுனா வயித்துல இருக்கிறது கலங்கிடும்" என்ற பேச்சு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னும் ஓயவில்லை. அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் படித்த பெண்ணை ஐந்தாம் மாதமே செட்டிலிருந்து (நாதஸ்வர மேளக் குழுவிலிருந்து) கழற்றிவிட இந்த ஒரு வரி போதுமாக இருக்கிறது. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் ஊதுவதால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கெடுதல் எங்கிருந்து வரும் என்றால், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தி, எங்கே நின்று ஊதுகிறாள் என்பதில்தான்.

முதலில் மூச்சு. வளரும் கருப்பை உதரவிதானத்தைக் கடைசி மாதங்களில் சுமார் 4 செ.மீ. மேலே தள்ளுகிறது. விலா அகன்று கொடுப்பதால் முழு மூச்சின் அளவு பெரிதாகக் குறையாது. ஆனால் சாதாரணமாக மூச்சை விட்டபின் நுரையீரலில் தங்கும் காற்று ஏறக்குறைய 20% குறைந்துவிடும். உடம்புக்குப் பிராணவாயுத் தேவையோ கூடியிருக்கும். அதனால்தான் நீண்ட கார்வையின் (ஒரே ஸ்வரத்தை இழுத்து நிற்பதன்) கடைசியில் சட்டென்று திணறுகிறது. கார்வையை இரண்டாக உடைத்து, மூச்சு தீருமுன்பே அடுத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும்.

புல்லாங்குழலில் அழுத்தம் குறைவு, காற்றுச் செலவு அதிகம். விடாமல் ஊதினால் தலை லேசாகும். நாயனம் நேர்மாறு. வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளி வழியே போகும் காற்று கொஞ்சம், அதைத் தள்ளும் அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தில் நெஞ்சுக்கூடு இறுகி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். நின்றபடி வாசிக்கும் கர்ப்பிணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வருவது இதனால்தான். கெட்டிச் சீவாளி இதை இன்னும் மோசமாக்கும். நன்றாகப் பதப்பட்ட, இளகிய சீவாளியைப் போட்டு மத்திய ஸ்தாயியில் ஆலாபனையும் கீர்த்தனையும் வாசிக்கலாம். மேல் ஸ்வரங்களான தாரஸ்தாயியில் நின்று பேச வேண்டிய இடங்கள், சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி, கெட்டிமேளம் எல்லாம் கூட வாசிக்கும் ஜோடி நாயனத்துக்குப் போகட்டும். சீவாளியை யாருக்கும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. கர்ப்பத்தில் சளிக்காய்ச்சல் கடுமையாகத் தாக்கும்.

ஜமக்காளத்தில் சம்மணம் போட்டால் வயிறு மேலே ஏறி மூச்சை அடைக்கும். முதுகு நிமிரும் கையில்லாத நாற்காலி, பாதம் தரையில், முழங்கால் இடுப்பை விடக் கொஞ்சம் தாழ. 15 நிமிஷம் வாசித்தால் 10 நிமிஷம் ஓய்வு. களியோ விருந்துச் சாப்பாடோ ஆன கையோடு ஊதினால் நெஞ்செரிச்சல் நிச்சயம்; இரண்டு மணி நேரம் போகட்டும். அழுத்தி ஊதும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊதுமுன் சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை மேலே இழுத்துப் பிடிக்கப் பழகுங்கள், செவிலியரிடமும் சொல்லுங்கள். விரல் மரத்துப்போய்த் துளை சரியாக மூடாவிட்டால் பயிற்சி போதவில்லை என்று திட்டாதீர்கள். வீக்கம் மணிக்கட்டு நரம்பை அழுத்துகிறது.

நான் ரொம்பக் கவலைப்படுவது சத்தத்தைப் பற்றி. அம்மா காதில் பஞ்சு வைத்தால் அம்மாவின் காதுக்குத்தான் காவல், குழந்தைக்கு இல்லை. வயிற்றைத் தாண்டி எளிதாக உள்ளே போவது கீச்சொலி அல்ல, தாழ்ந்த ஒலி. அதாவது நாயனத்தை விடத் தவிலில் குச்சியால் அடிக்கும் பக்கமான தொப்பியும் ஸ்பீக்கர் பெட்டியும்தான் கவனிக்க வேண்டியவை. 115 டெசிபலுக்கு மேல் சத்தமுள்ள இடத்தில் கர்ப்பிணி நிற்கவே கூடாது என்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ். எனவே தொப்பிப் பக்கம் உட்கார வைக்காதீர்கள், பெட்டிமேல் சாய விடாதீர்கள், வெடி போடும் ஊர்வலத்தில் நடக்க வைக்காதீர்கள்.

உதிரப்போக்கு, நீர் கசிவு, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பது, கருப்பை வாய் பலவீனம், முன்கூட்டியே வலி, ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொடுவது: இதில் ஒன்று இருந்தாலும் நாயனம் உறைக்குள் போக வேண்டும், மருத்துவர் சொல்லும்வரை. கடும் தலைவலி, கண் மங்கல், குழந்தை அசைவு குறைவது என்றால் முகூர்த்தம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. சும்மா நடந்தாலே மூச்சு வாங்கினால் பழியை நாயனத்தின் மேல் போடாமல் ஹீமோகுளோபினைப் பாருங்கள். 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது.

செட்டு நடத்தும் அண்ணன்மாருக்கு ஒன்று. பாதி நேரம் வாசிப்பவளுக்குப் பாதிக் கூலியாவது கொடுங்கள், ஆளையே மாற்றிவிடாதீர்கள். இரண்டு நாயனம் உள்ள செட்டில் இதைச் செய்வது கஷ்டமே இல்லை. பிரசவம் ஆனதும் தேதி குறிக்கவும் அவசரம் வேண்டாம். அறுவைப் பிரசவம் என்றால் குறைந்தது ஆறு வாரம் கழித்து, மருத்துவர் தையலைப் பார்த்துச் சரி என்றபின், முதலில் சீவாளியை மட்டும் ஊதிப் பார்க்கட்டும். தையல் இடத்தில் இழுத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தட்டும்.