அபராதம் கட்டினால் முடிந்துவிடாது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம் ஜனங்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று எங்கே போனாலும் இப்போது வெளிநாட்டு வேலைப் பேச்சுதான். நர்ஸ் படித்த பிள்ளை இங்கிலாந்துக்குப் போகிறாள், ஆசிரியர் பயிற்சி முடித்தவன் துபாய்க்கோ தென்கொரியாவுக்கோ போகிறான். போகட்டும், நன்றாக இருக்கட்டும். அத்தனை பேரிடமும் கேட்கப்படும் தாள் ஒன்று உண்டு: பெயரில் குற்றப் பதிவு உண்டா இல்லையா என்று காட்டும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ்.

வாங்கும் முறை பெரிய வித்தையில்லை. போலீஸ் ஸ்டேஷனில் பத்து விரல் ரேகையும் பதித்து, கட்டணம் கட்டி, பிரிட்டோரியாவில் இருக்கும் குற்றப் பதிவு மையத்துக்கு அனுப்பவேண்டும். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்கள் பழைய குடும்பப் பெயரையும் எழுதவேண்டும். கொரியாவுக்குப் போகிறவர்களுக்கு வெளியுறவுத் துறையின் அபோஸ்டில், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று உறுதிசெய்யும் முத்திரை, தேவை. அந்த முத்திரையை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தத்தில் துபாய் இல்லை, அதனால் தூதரக முத்திரையும் வேண்டும். இங்கிலாந்தில் மருத்துவம், கல்வி வேலைகளுக்கு, கடந்த பத்து வருடத்தில் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் தனித்தனியாகச் சான்றிதழ் கேட்பார்கள்.

நான் எழுத வந்தது அந்தச் சான்றிதழில் "குற்றப் பதிவு உண்டு" என்று வந்து, கையில் வேலை இருந்தும் கிளம்ப முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக.

எங்களுக்குத் தெரிந்த தம்பி ஒருவன். கல்லூரியில் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு ஒரு கைகலப்பு, யாருக்கும் பெரிய அடியில்லை. ஸ்டேஷனில் ரேகை எடுத்தார்கள். "இதில் கையெழுத்துப் போட்டு அபராதம் கட்டு, இப்போதே வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை கோர்ட் வரைக்கும் உள்ளேதான்" என்றார்கள். எந்த அப்பாதான் பிள்ளையை மூன்று ராத்திரி லாக்கப்பில் விடுவார்? காசைக் கட்டிக் கூட்டிவந்துவிட்டார். வருடங்கள் கழித்து, வெளிநாட்டுப் பள்ளியில் வேலை உறுதியான பிறகு, சான்றிதழில் தாக்குதல் குற்றம் என்று வந்து நிற்கிறது. விசாரணை நடக்கவில்லை, ஒரு சாட்சியைக்கூடக் கேட்கவில்லை. அவனோ ஒரு நாளும் கோர்ட் படி ஏறியவனில்லை.

அவன் கையெழுத்துப் போட்டதன் பெயர் அட்மிஷன் ஆஃப் கில்ட் ஃபைன். 1977ஆம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினால், கோர்ட் புத்தகத்தில் அது தண்டனையாகவே பதிவாகிவிடலாம். தபாலில் வரும் சாதாரண டிராஃபிக் அபராதம் வேறு விஷயம், அதைக் கண்டு பயப்படவேண்டாம். கைது செய்து, ரேகை எடுத்து, அதன் பிறகு "கட்டிவிட்டுப் போ" என்று சொன்னால்தான் உஷாராகவேண்டும். அந்த இடத்தில் ஜாமீன் கேளுங்கள், வக்கீலைக் கூப்பிடுங்கள். அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விளைவைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியதைக் காட்டி முறையிட்டவர்களின் தண்டனையை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் அதற்கு வக்கீல் செலவு யார் செய்வது?

ரேகை வைப்பது நம் ஜனங்களுக்குப் பழைய காயம். 1906இல் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லோரும் ரேகை வைத்துப் பதிந்துகொள்ளவேண்டும் என்று அரசு சொன்னபோது, முடியாது என்று எழுந்தார்கள். காந்தியோடு சேர்ந்து போராடிய தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1913இல் அந்தப் போராட்டம் பெரிதானபோது சிறை போன வள்ளியம்மை, வெளியே வந்த கொஞ்ச நாளில் பதினாறு வயதில் செத்துப்போனாள். பிறகு வந்த அபார்ட்ஹைட் என்ற நிறவெறி ஆட்சிக் காலத்திலும் எத்தனையோ பேர், இருக்கக் கூடாத இடத்தில் இருந்தார்கள் என்பதற்கே குற்றவாளி ஆனார்கள். அப்படிப்பட்ட சட்டங்களால் வந்த பதிவுகளை, யாரும் மனுப் போடாமலே நீக்கவேண்டும் என்று இன்றைய சட்டம் சொல்கிறது. நியாயமான சட்டம் அது.

அந்த நியாயத்தில் ஒரு பங்கை இந்தப் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் என்ன? இப்போதும் வழி இருக்கிறது. அபராதமோ நிறுத்திவைத்த தண்டனையோ பெற்றவர்கள், பத்து வருடம் முடிந்திருந்தால், அந்தப் பத்து வருடத்தில், அபராதம் கட்டித் தப்பிக்க வழியில்லாத சிறைத்தண்டனை எதுவும் பெறாதிருந்தால், நீதித் துறைக்கு விண்ணப்பித்துப் பதிவை நீக்கலாம். முதலில் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி அதையும் சேர்த்து அனுப்பவேண்டும். ஏஜென்ட் தேவையே இல்லை. இதற்கென்று ஆயிரக்கணக்கில் ராண்ட் கேட்கிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

குழந்தைகளிடம் தப்பாக நடந்தவனுடைய பதிவும் அழியவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிப்பட்டவனை இந்தச் சட்டமும் அனுமதிப்பதில்லை, பள்ளிக்கூடம் சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் பத்தொன்பது வயதில் ஒரு தள்ளுமுள்ளு என்றால் இருபத்தொன்பது வரைக்கும் காத்திரு, அதற்குப் பிறகும் மனுப் போட்டுக் காத்திரு என்பது ரொம்பக் கொடுமை. வேலை கொடுப்பவர் அதுவரை இடத்தைக் காலியாக வைத்திருப்பாரா?

காலம் முடிந்ததும் சின்னப் பதிவுகள் தானாகவே நீங்கட்டும். அந்த ஃபைன் தாளின் மேலேயே, "இதைக் கட்டினால் உன் பெயரில் குற்றப் பதிவு வரலாம்" என்று பெரிய எழுத்தில், ஸுலுவிலும் ஆங்கிலத்திலும் போடட்டும். கோயில் கமிட்டிகளும் தமிழ்ச் சங்கங்களும் சேர்ந்து இதை எழுத்தில் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். மனுவை எழுதித் தரவும் தயார். வீட்டில் வெளிநாட்டுக் கனவோடு யாராவது இருந்தால், வேலை தேட ஆரம்பிக்கும்போதே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ராஜினாமாக் கடிதம் அதற்கப்புறம்.