ராப்பா நுயி: மரம் வெட்டியதால் மட்டும் அழிந்ததா?
ராப்பா நுயி எனப்படும் ஈஸ்டர் தீவின் மக்கள், ‘மோவாய்’ என்ற பெரிய கற்சிலைகளை நகர்த்துவதற்காக மரங்களையெல்லாம் வெட்டித் தீர்த்துத் தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்லும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தள்ளி, மூன்று எரிமலைகள் சேர்ந்து உருவாக்கிய 163 சதுர கிலோமீட்டர் நிலம் அது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே கிடையாது. பனையினக் காடு அழிந்தது உண்மைதான். ஆனால் அகழ்வில் கிடைத்த பனங்கொட்டைகள் பலவற்றில் எலி கொறித்த பல்தடம் இருப்பதையும், அதனால் புது மரங்கள் முளைப்பது தடைபட்டிருக்கலாம் என்பதையும் கட்டுரையாளர் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். காடு போன பிறகும் அம்மக்கள் சும்மா இருக்கவில்லை: கடற்காற்று ஈரத்தை உறிஞ்சிவிடாதபடி வட்டமாகக் கல் அடுக்கி, ‘மனவாய்’ எனப்படும் அந்தச் சுவர்களுக்குள் வாழையும் சேம்பும் வளர்த்தார்கள், உடைகல் பரப்பிய நிலத்தில் சர்க்கரைவள்ளி பயிரிட்டார்கள்.

உண்மையான பேரழிவு, கட்டுரை ஒரே வரியில் தாண்டிச்சென்ற 1862-63இல் நேர்ந்தது. பெருவிலிருந்து வந்த ஆள்பிடிக் கப்பல்கள் ஏறத்தாழ 1,500 பேரைக் கொண்டுசென்றன. உயிரோடு திரும்பிய சிலருடன் பெரியம்மையும் கரையிறங்கியது. 1877இல் எஞ்சியிருந்தவர்கள் வெறும் 111 பேர். 1888இல் சிலி தீவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பின், நிலத்தின் பெரும்பகுதி 1953 வரை செம்மறியாட்டுப் பண்ணையாக இருந்தது. சிலைகளைச் செதுக்கியவர்களின் வழித்தோன்றல்களோ (ஆடுகளுக்கு இருந்த நடமாட்டம்கூட அவர்களுக்கு இல்லை) ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு முழுக் குடியுரிமை 1966இல்தான் கிடைத்தது.