ஆபிரகாமும்தான் சிரித்தார்

முதுமையில் பிள்ளை பிறக்கும் என்று கர்த்தர் சொன்னபோது ஆபிரகாமின் மனைவி சாராள் சிரித்ததைப் பற்றி நிறையப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். கூடாரத்துக்குள் நின்று, கிழவியான எனக்கா பிள்ளை என்று உள்ளத்தில் நகைத்தாள். ஏன் சிரித்தாள் என்று கர்த்தர் கேட்டதும் பயந்துபோய், நான் சிரிக்கவில்லை என்று மழுப்பினாள். அவிசுவாசத்துக்கு உதாரணம் வேண்டுமா, உடனே சாராளை இழுத்துவிடுவார்கள்.

ஒரு அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். ஆதியாகமம் 17இல் ஆபிரகாமே முகங்குப்புற விழுந்து நகைக்கிறார். 100 வயதுக்காரனுக்குப் பிள்ளையா, 90 வயதான சாராள் பெறுவாளா என்று அவர் மனதிலும் ஓடுகிறது. போதாததற்கு, அடிமைப் பெண் ஆகாரிடம் ஏற்கெனவே பிறந்த இஸ்மவேல் பிழைத்திருந்தால் போதும் ஆண்டவரே என்று பேரம் வேறு. அவர் விசுவாசிகளின் தகப்பன், இவள் மட்டும் சந்தேகக்காரி! எபிரெயர் 11 சாராளின் விசுவாசத்தைத்தான் நினைவுகூர்கிறது, அந்தச் சிரிப்பை அல்ல. நாம்தான் விடமாட்டேன் என்கிறோம்.

ஆரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் ஒன்றும் நேர்கோடாகப் போகவில்லை. பயத்தில் மனைவியைச் சகோதரி என்றார். வீட்டு வேலைக்காரன் எலியேசர்தான் வாரிசோ என்று புலம்பினார். அப்புறம், பிள்ளைக்காகச் சாராள் அவருக்குக் கொடுத்த ஆகார். அவளிடம் யாரும் சம்மதம் கேட்டதாக வேதத்தில் இல்லை. பெரியவர்களின் அவசரத்துக்கு அந்த அடிமைப் பெண்ணும் அவள் பிள்ளையும் விலை கொடுத்தார்கள். இதையெல்லாம் விட எனக்கு ஆச்சரியம் 20ஆம் அதிகாரம். அடுத்த வருஷம் சாராளுக்குப் பிள்ளை என்று தேதி குறிக்காத குறையாகச் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகும் கேராரில் போய் அதே பழைய பொய்யைச் சொல்கிறார்!

இந்த மனிதருக்குக் கொடுத்த வாக்கு எதை நம்பி நின்றது? பதில் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கர்த்தரை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று 6ஆம் வசனம் சொல்கிறது. இரண்டே வசனம் தள்ளி, கர்த்தர் தருவதாகச் சொன்ன தேசம் எனக்குக் கிடைக்கும் என்று எதினால் அறிவேன் என்று கேட்கிறார். விசுவாசமும் கேள்வியும் ஒரே ராத்திரியில், ஒரே வாயிலிருந்து. கர்த்தர் கோபப்படவில்லை. கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா என்று கொண்டுவரச் சொல்லி, உடன்படிக்கை செய்கிறார். பிளந்து வைத்த துண்டங்களின் நடுவே நடப்பது அந்தக் காலத்தில் சத்தியம் செய்யும் முறை. எரேமியா 34லும் அந்த வழக்கம் வருகிறது. உடன்படிக்கை செய்பவர்கள் நடக்க வேண்டும். ஆனால் இங்கே புகைகிற சூளையும் அக்கினிச் சுவாலையும் மட்டும் கடந்து போகின்றன. ஆபிரகாம் நடக்கவில்லை. அயர்ந்த நித்திரையில் விழுந்திருந்தார். வாக்கின் பாரம் முழுவதையும் கர்த்தரின் பக்கமே சுமந்துகொண்டது.

யோவான் ஸ்நானகனின் தகப்பன் சகரியாவும், பிள்ளை பிறக்கும் என்று சொன்ன தேவதூதனிடம் எதினால் அறிவேன் என்றுதான் கேட்டார். அவர் ஊமையானார். ஏறக்குறைய ஒரே கேள்வி, ஒருவருக்கு உடன்படிக்கை, இன்னொருவருக்குக் கண்டிப்பு. இதற்குப் பலர் பல விளக்கம் தருகிறார்கள், எதுவும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: சகரியா நம்பாததால் யோவான் பிறக்காமல் போகவில்லை.

அதனால்தான், "உங்க விசுவாசம் பத்தல, அதான் நடக்கல" என்று அழுதுகொண்டிருப்பவரிடம் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியிடம், சாராளுக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று தேதியோடு சொல்வதும் அப்படித்தான். அந்த வாக்கு சாராளுக்குக் கொடுக்கப்பட்டது. நம் ஆசைகளுக்கெல்லாம் ஒரு வசனத்தை ஒட்டி வாக்குத்தத்தம் என்று பேர் வைக்க நமக்கு உரிமை கிடையாது. வாக்குப் பெற்ற ஆபிரகாமே கூட தேசத்தைக் கண்ணால் பார்த்ததோடு சரி. மனைவியை அடக்கம்பண்ண மக்பேலாக் குகையை எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்துத்தான் வாங்கினார். இவர்கள் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமலே மரித்தார்கள் என்று அதே எபிரெயர் 11 எழுதுகிறது. அந்த வசனத்தை வைத்து யாரும் வாக்குத்தத்த அட்டை அடிப்பதில்லை.

மாற்கு 9இல் ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று கண்ணீரோடு கத்துகிறான். முதலில் விசுவாசத்தைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பையனைக் குணமாக்கினார். நம்முடைய ஜெபக் கூட்டத்தில் அவன் எழுந்து அப்படிச் சொல்லியிருந்தால், பாதியிலேயே மைக்கை வாங்கியிருப்போம்.