கடைசி மூன்று விநாடி

(மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஓர் ஒட்டுக்கடை. காலை ஏழு மணி. ராஜம்மா அக்கா தோசை வார்க்கிறார். லோரி ஓட்டும் சேகர் வந்து உட்காருகிறான்.)

அக்கா: என்னப்பா, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு?

சேகர்: இபே என்கிற இணைய ஏலச் சந்தையில் லண்டன்காரன் ஒருவன் பழைய வால்வு ரேடியோவை ஏலம் விட்டான் அக்கா. அங்கே இப்போது குளிர்காலம். ராத்திரி ஒன்பது என்றால் நமக்கு விடியற்காலை ஐந்து.

அக்கா: தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு எழுந்திரிக்கிற நேரந்தானே. சரி, கிடைத்ததா?

சேகர்: விலை 31 பவுண்டில் நின்றது. ஏழு நாளும் வாயே திறக்கவில்லை. மூன்று விநாடி இருக்கும்போது 40 என்று தட்டினேன். 41க்கு வேறொருவன் கொண்டுபோய்விட்டான்!

அக்கா: மூன்றே விநாடியில் எப்படி ஏற்றினான்?

சேகர்: அவன் எங்கே ஏற்றினான்? தன் உச்ச விலையை முன்னமே ரகசியமாகப் போட்டுவைத்திருக்கிறான். யாராவது கேட்கக் கேட்க, கம்ப்யூட்டரே அவனுக்காக ஒரு படி ஏற்றிக்கொள்ளும்.

அக்கா: அவன் பாட்டுக்குக் கிடந்தான், ரேடியோ வந்தது. நீ முழித்திருந்தாய், கண் சிவந்தது. அப்புறம் எதற்கு இந்த வித்தை?

சேகர்: வீம்புக்காரர்களுக்கு அக்கா. முன்னாலேயே கேட்டால் ‘இவனுக்கா விடுவது’ என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். கடைசியில் தட்டினால் யோசிக்கவே நேரமிருக்காது.

அக்கா: வாஸ்தவம். திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை 51 வெள்ளிக்கு ஆரம்பித்தார்கள். கமிட்டி ஆள் ஒருவர் விடாமல் ஏற்றினார். உன் மாமா 301 என்றதும் அவர் வாயே திறக்கவில்லை. அந்தப் பழத்தை ஊறுகாய் போடக்கூட எனக்கு மனசு வரவில்லை.

சேகர்: கோயிலில் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று இழுப்பார்கள். புதுக்குரல் வந்தால் மறுபடி முதலிலிருந்து. என் வித்தை அங்கே செல்லாது. இபேயில் நேரம் முடிந்தால் முடிந்ததுதான்.

அக்கா: அது சரி, அந்த ரேடியோவுக்கு எவ்வளவு வரை தர நினைத்தாய்?

சேகர்: 60.

அக்கா: பிறகு அதையே தட்டவேண்டியதுதானே? 60 போட்டால் 60ஐயும் பிடுங்கிக்கொள்வார்களா?

சேகர்: இல்லை... அடுத்தவன் கேட்டதற்கு மேலே ஒரு படிதான்.

அக்கா: அட கஞ்சப்பயலே!

சேகர்: விடுங்கள் அக்கா, அடுத்த வாரம் உடைந்த கிராமபோன் ஒன்று வருகிறது.

அக்கா: உடைந்ததைக்கூடவா விற்கிறார்கள்?

சேகர்: 1995ல் இபேயில் முதலில் விற்றதே உடைந்த லேசர் பாயிண்டர்தான், 14.83 டாலருக்கு.

அக்கா: அப்போ என் மாவரைக்கும் மெஷினைப் போட்டுவிடு. நீயே இரண்டு மூன்று பெயரில் கேட்டு ஏற்றிவிடு.

சேகர்: ஐயோ, தன் பொருளுக்குத் தானே ஆள் வைத்து விலை ஏற்றுவது திருட்டுத்தனம் அக்கா! கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

அக்கா: மெதுவாகப் பேசு லா! கோயில் தலைவர் பசியாற வருகிறார்.