80 பிளஸ் கோல்ட் என்பது தரச் சான்று அல்ல

‘கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையில் 80 பிளஸ் கோல்ட் முத்திரை ஒட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து கண்ணைத் திறந்தே வாங்குங்கள். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பதை மட்டுமே அந்த முத்திரை சொல்கிறது. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் இழுத்த மின்சாரத்தில் 90 சதவீதமாவது கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். சோதனை அறையின் வெப்பமோ சுமார் 23 டிகிரி. ஏசி போடாத நம் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டு அறையில், அதுவும் கணினிப் பெட்டிக்குள், அந்தக் குளிர்ச்சிக்கு எங்கே போவது? மின்னழுத்த அலைவு (வெளியே வரும் மின்னழுத்தம் ஏறி இறங்குவது), மிகைமின்னோட்டப் பாதுகாப்பு (மின்னோட்டம் அளவு மீறினால் நிறுத்துவது), உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் தரம் எதையும் அந்த முத்திரை தொடுவதே இல்லை.

சிங்கப்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் விலைப்பட்டியல் வெறுமனே ‘650 வாட் கோல்ட்’ என்று சொன்னால், தயாரிப்பாளர் பெயரையும் மாடல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பவர் சப்ளையின் பக்கவாட்டு அட்டவணையையும் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே 54 ஆம்பியர் இருந்தால் சரி; இரண்டையும் பெருக்கினால் 648 வாட். 40 ஆம்பியர் என்றால் கிராபிக்ஸ் அட்டைக்கும் பிராசஸருக்கும் சேர்த்தே 480 வாட்தான் கிடைக்கும்.

உத்தரவாதத்தையும் விசாரியுங்கள். நல்ல பவர் சப்ளைகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளரே 7 அல்லது 10 ஆண்டுகள் தருகிறார். கடை ஓராண்டோடு முடித்துக்கொண்டால் ஏன் என்று கேளுங்கள்.